கைக்குறிப்பும் சங்கல்பமும்

கம்பம் நகரை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த காமயகவுண்டன்பட்டியில் நெல்வயல்களும் திராட்சைப் பந்தல்களும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கின்றன. ஊரினுள்ளே காந்தியடிகளுக்கு எழுப்பப்பட்ட கோயில் ஒன்று இருக்கிறது. வயலையும் கோயிலையும் அன்றாடம் காண்பவர்கள் அவற்றுக்குள் ஒரு சம்பந்தம் உண்டென்று எண்ணுவதில்லை. ஆயினும் சற்று நின்று விசாரித்தால், இப்பள்ளத்தாக்கின் வயல்களில் பாயும் நீரில் பெரும்பங்கு, இயற்கை விதித்த வழியே சென்றிருந்தால் மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்திருக்க வேண்டிய நீர் என்பதும், அதனைக் கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணம் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் காகிதத்திலேயே உயிர்தாங்கி நின்ற பின்னரே மலையைத் துளைத்தது என்பதும் புலனாகும். கோயிலில் இருப்பவரும், தாம் எவ்வாறு வாழவேண்டும் என்று கற்பனை செய்தாரோ அதனை எழுதி வைத்து, எழுதியதற்குத் தம் நாள்களைக் கணக்குக் காட்டிய ஒருவரே ஆவார்.

கற்பனை மனிதனுடைய யதார்த்தத்தை எவ்வாறு உருவாக்குகிறது என்ற கேள்விக்கு ஒவ்வொரு யுகமும் தனக்கேற்ற விடையொன்றைச் சொல்லி வந்திருக்கிறது. மனமே உலகம் என்று ஒரு சாரார் கூறினர். மனம் உலகத்தின் நிழல் மட்டுமே என்று மற்றொரு சாரார் கூறினர். அந்தப் பெருவிவாதத்துள் புகாமல், கண்ணால் காணத்தக்க சான்றுகளைக் கொண்டு நான் சொல்லத் துணிவது இதுவே: கற்பனை தனித்து நின்றால் இன்பமான பகற்கனவாகவே கழிந்துவிடுகிறது, குறிப்பு தனித்து நின்றால் நடந்ததன் பதிவாகவே முடிந்துவிடுகிறது, ஒருவன் தன் கற்பனையைக் கைப்பட எழுதி, எழுதியதன் முன்னே தன்னைப் பொறுப்பாளியாக நிறுத்திக் கொள்ளும்போதுதான் எண்ணம் சங்கல்பமாகவும், சங்கல்பம் வழக்கமாகவும், வழக்கம் வாழ்வாகவும் மாறத் தொடங்குகிறது.

முல்லைப் பெரியாற்றின் கதை பெரும்பாலும் கட்டடத்தின் கதையாகவே சொல்லப்படுகிறது. அதற்கு முந்திய காகிதத்தின் கதை அதனினும் நீளமானது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இராமநாதபுரம் சீமையை ஆண்ட முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானியாகிய முத்திருளப்ப பிள்ளை, வறண்டு கிடந்த தம் சீமைக்கு மலைக்கு அப்பாலுள்ள ஆற்றின் நீரைக் கொணர இயலுமா என்று ஆராயச் செய்து, இயலும் என்றும், ஆனால் பொருள் போதாது என்றும் கண்டு கைவிட்டார். கிழக்கே ஆண்டில் பாதி நாள் மணலாகக் கிடக்கும் வைகை, மேற்கே மழைக்காலமெல்லாம் பெருகி ஓடும் பெரியாறு, இரண்டுக்கும் இடையே ஒரு மலைமுகடு. இதனைக் கண்டவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். கண்டதை ஒரு திட்டமாக எண்ணிப் பார்த்து அதற்கு ஆகும் செலவையும் கணித்தவரே நம் சரித்திரத்தில் நிற்கிறார்.

1808-ஆம் ஆண்டில் கால்டுவெல் என்ற ஆங்கிலப் படைத்துறைப் பொறியாளர் அதே இடத்தை அளந்து பார்த்து, இது வெறும் மனோராஜ்யம், இனி இதனைக் கவனிக்கவே வேண்டியதில்லை என்ற பொருள்பட அறிக்கை எழுதினார். (சமய நூல்களாலும் ஒப்பிலக்கணத்தாலும் தமிழர் அறிந்த பாதிரியார் கால்டுவெல் வேறு, அவர் அப்போது பிறக்கவுமில்லை.) அன்றிருந்த கருவிகளையும் அரசின் கஜானாவையும் நோக்கினால் அந்தத் தீர்ப்பை அநியாயம் என்று சொல்ல முடியாது. என் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. மறுப்பு வாய்ச்சொல்லாக முடிந்திருந்தால், மறுக்கப்பட்ட எண்ணமும் அதனோடு மறைந்திருக்கும். எழுத்தில் நின்றமையால், எதை மறுத்தாரோ அதுவும் மறுப்போடு சேர்ந்து அரசாங்கத்தின் ஏடுகளில் பிழைத்துக் கிடந்தது. பின்வந்தவர்கள் எதை வெல்ல வேண்டும் என்பதற்கு அதுவே ஒரு பட்டியலாயிற்று. 1850-இல் சிறிய அளவில் வேலை தொடங்கப்பட்டு, காய்ச்சலாலும் கூலித் தகராற்றாலும் நின்றது. 1862-இல் ரைவ்ஸ் என்பவர் மீண்டும் ஆராய்ந்து, 1867-இல் 62 அடி உயர மண் அணைக்குத் திட்டம் கொடுத்தார். அரசு விவாதித்துக் கொண்டிருக்கையிலேயே 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடியது. அதுவரை வரவுசெலவுக் கேள்வியாக இருந்தது அதன்பின் உயிர்க்கேள்வியாயிற்று. 1882-இல் பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கிடம் திருத்திய திட்டத்தையும் மதிப்பீட்டையும் தயாரிக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது.

அதன்பின் நிகழ்ந்தவற்றை இப்பக்கத்துப் பிள்ளைகளும் அறிவார்கள். 1886 அக்டோபர் 29-ஆம் நாள் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 8000 ஏக்கர் நிலத்துக்கு 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது; 1887-இல் வேலை தொடங்கியது; வெள்ளம் தற்காலிகத் தடுப்புகளை அடித்துச் செல்ல, மீண்டும் மீண்டும் எழுப்பி, சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த சுர்க்கிக் கலவையால் 176 அடி உயரமும் 1200 அடி நீளமுமுள்ள அணை எழுந்தது; முகட்டின் கீழே ஒரு மைலுக்கு மேல் சுரங்கம் குடையப்பட்டது; 1895 அக்டோபரில் நீர் கிழக்கே இறங்கியது. இன்று தேக்கடியிலிருந்து லோயர் கேம்ப் வரை இறங்கும் அந்நீரைக் கொண்டு கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் விளைகிறது. மிகுந்தது வைகை அணைக்குச் சென்று மதுரைக்கும் அதற்கு அப்பாலும் பாய்கிறது. இருநூறாண்டுக்கு முன் ஒரு பிரதானியின் மனத்தில் இருந்தது, இன்று ஒரு விவசாயி நாற்று விடும் நாளை நிர்ணயிக்கிறது. காலையில் பத்திரிகையை விரித்தால், முதலில் அணையின் நீர்மட்டம் எத்தனை அடி என்று பார்ப்பது இப்பகுதி மக்களின் சுபாவமாகவே ஆகிவிட்டது.

பென்னிகுயிக்கின் பெயரைக் குழந்தைகளுக்கு வைத்தும், அவர் பிறந்த நாளாகிய ஜனவரி 15-இல் பொங்கலிட்டும், வீட்டுச் சுவரில் அவர் படத்தை மாட்டியும் வரும் மக்கள், அவர் தம் சொத்துக்களை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்ற கதையையும் வழங்கி வருகிறார்கள். இது சென்னை அரசாங்கத்தின் செலவில் நிறைவேறிய திட்டம் என்பதே ஏடுகள் தரும் செய்தி. இதைச் சொல்வதால் அம்மனிதரின் பெருமை அணுவளவும் குறையாது. அந்தக் கதையைச் சொல்லும் மக்களின் நன்றியும் குறையாது. நன்றியுணர்ச்சி மிகுந்த இடத்தில் கற்பனை வரலாற்றுக்குள் புகுந்துகொள்வது இயல்பு. ஆனால் எழுதி வைத்த கணக்கு ஒன்று இருப்பதனால்தான் வரலாறு எங்கே முடிகிறது, பக்தி எங்கே தொடங்குகிறது என்று நாம் பிரித்தறிய முடிகிறது.

இனி, இவ்வெற்றிக் கதையில் ஓர் இருண்ட பக்கமும் உண்டு என்பதைக் கூறாமல் மேலே செல்ல மனம் ஒப்பவில்லை. அணை வேலையில் ஈடுபட்ட ஏ. டி. மெக்கன்ஸி போன்ற பொறியாளர்கள் அதன் வரலாற்றை விரிவாக எழுதிச் சென்றார்கள். வெள்ளத்தையும், யானைக் காட்டையும், மலைக்காய்ச்சலையும், ஆள் கிடைக்காத இடர்ப்பாட்டையும் அவ்வெழுத்தில் காண்கிறோம். ஆனால் அக்காய்ச்சலில் விழுந்தவர்கள், கல்லுடைத்தவர்கள், சுண்ணாம்பு சுமந்தவர்கள் தங்கள் கையால் எழுதிய ஒரு வரியும் நம்மை வந்தடையவில்லை. கற்பனை செய்தவர்களின் குறிப்புகள் மட்டும் எஞ்சி, அக்கற்பனைக்கு உடலைக் கொடுத்தவர்களின் குறிப்புகள் எஞ்சாதபோது, பிற்காலத்தார் அறியும் யதார்த்தமும் பாதியாகவே உருவாகிறது. எழுத்தறிந்தவனின் குறிப்பேடு உலகத்தை அமைக்கும் வல்லமை உடையது என்றால், எழுத்தறியாதவனின் அநுபவம் அந்த அமைப்பில் எவ்வாறு இடம்பெறும்? இக்கேள்விக்கு விடை தேடித்தான் கோயிலில் இருப்பவரிடம் செல்ல வேண்டியிருக்கிறது.

1888-இல் சட்டம் படிக்க லண்டன் சென்ற மோகன்தாஸ் காந்தி என்ற இளைஞர் ஒரு நாட்குறிப்பு எழுதினார். சுமார் 120 பக்கம் கொண்ட அதன் மூலப் பிரதி பிற்காலத்தில் காணாமற் போய்விட்டது. உறவினர் சகன்லால் காந்தி தம் நோட்டில் படியெடுத்து வைத்த ஏறத்தாழ 20 பக்கங்களே நமக்குக் கிடைக்கின்றன. அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது அந்த நாட்குறிப்பினும் எளிய மற்றோர் ஏடு என்று நான் கருதுகிறேன். அதுவே அவருடைய செலவுக் கணக்கு. ஆம்னிபஸ் கட்டணம், தபால் தலை, பத்திரிகைக்குக் கொடுத்த சில செப்புக் காசு ஆகியவற்றையும் விடாமல் எழுதி, இரவில் படுக்கைக்குப் போகுமுன் இருப்பைச் சரிபார்த்து வந்ததாக அவரே தம் சுயசரிதையில் கூறுகிறார். அக்கணக்கைப் பார்த்த பின்னரே தம் வாழ்க்கை தம் வசதிக்கு மீறியது என்று அவருக்குத் தெரிந்தது. செலவைப் பாதியாக்கத் தீர்மானித்து, போகவேண்டிய இடங்களுக்கு நடந்தே செல்லத்தக்க இடத்தில் அறை எடுத்தார். அதனால் நாள்தோறும் பல மைல் நடந்தார். அந்நடையே தம்மை அந்நாட்டில் நோயின்றிக் காத்தது என்கிறார். பின்னாளில் லட்சக்கணக்கான பொதுப்பணம் தம் கைவழியே சென்றபோது கடன் நில்லாது மிச்சம் நின்றதற்கு வேரும் அந்தப் பழக்கமே என்று அவர் எழுதியிருப்பது, ஒரு சின்னஞ்சிறு நோட்டு எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்குச் சாட்சி.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கனவான் உடையில், வயலினும் நடனமும் கற்று, ஆங்கிலேயரைப்போல் வாழ வேண்டும் என்ற ஒரு கற்பனையும் லண்டன் இளைஞரிடம் இருந்தது. அதுவும் சில மாதம் அவரை ஆட்கொண்டது. எளிமையாக வாழும் மாணவன் என்ற கற்பனை பின்னர் வந்தது. முன்னதில் தம்மைப் பிறர் எவ்வாறு காண்பார்கள் என்ற சித்திரம் மட்டுமே இருந்தது. பின்னதற்கு ஒவ்வொரு இரவும் சரிபார்க்க ஒரு கணக்கு இருந்தது. எது நிலைத்தது என்பதை உலகமே அறியும்.

அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் உளவியல் அறிஞர்கள் சென்ற சில பத்தாண்டுகளில் செய்த ஆய்வுகள் இந்த வேற்றுமையையே சோதனை முறையில் காட்டுகின்றன. 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், லியன் ஃபாம், ஷெல்லி டெய்லர் இருவரும், தேர்வுக்கு முன் உயர்ந்த மதிப்பெண் பெற்றதாக மட்டும் கற்பனை செய்த மாணவர்களையும், தாம் உட்கார்ந்து படிக்கும் காட்சியைக் கற்பனை செய்த மாணவர்களையும் ஒப்பிட்டு, பின்னவர்களே அதிக நேரம் படித்து நல்ல மதிப்பெண்ணும் பெற்றதைக் கண்டனர். கேப்ரியேல் ஓட்டிங்கன், ஆசை நிறைவேறிவிட்டதாக இன்பமாகக் கனவு காண்போரிடம் முயற்சி குறைகிறது என்பதைப் பல துறைகளில் எடுத்துக் காட்டியிருக்கிறார். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எதைச் செய்வேன் என்று முன்கூட்டியே வரையறுத்துக் கொள்பவர்கள் செயலில் முந்துகிறார்கள் என்பது பீட்டர் கோல்விட்ஸரின் ஆராய்ச்சி. விரும்பியதை ஒரு நோட்டில் நூறு முறை எழுதினால் பிரபஞ்சமே அதனைக் கொண்டுவந்து சேர்க்கும் என்று இந்நாளில் பரப்பப்படும் நம்பிக்கையைக் கைக்கொண்டு நாள்களை வீணாக்கும் இளைஞர்களைக் காண்கையில் எனக்கு வருத்தம் மேலிடுகிறது. பலனை எழுதுவதற்கும் பிரயத்தனத்தை எழுதுவதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டிய தேதியையும் மருந்தடித்த நாளையும் குறித்து வைக்கும் விவசாயி அறுவடை எப்போது என்று கணித்து அதற்கேற்ப உழைக்கிறான். நல்ல விலை கிடைக்கும் என்று எழுதி வைப்பதனால் பழம் கனிவதில்லை.

கற்பனையின் பெருவீச்சு காந்தியடிகளிடம் 1909-இல் வெளிப்பட்டது. லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும் வழியில், கில்டோனன் காஸில் என்ற கப்பலில், நவம்பர் 13 முதல் 22 வரை, கப்பலின் கடிதத் தாளில், ஓர் ஆசிரியருக்கும் ஒரு வாசகருக்கும் நடக்கும் சம்பாஷணையாக, 'ஹிந்த் ஸ்வராஜ்' நூலைக் குஜராத்தியில் எழுதி முடித்தார். வலக்கை ஓய்ந்தபோது இடக்கையால் எழுதினார்; 275 பக்கங்களில் 40 பக்கம் இடக்கையால் எழுதப்பட்டவை. அரசாங்கம் 1910-இல் அதனை இந்தியாவில் தடை செய்தது. நாடு விடுதலை பெறும் என்ற அறிகுறியே இல்லாத காலத்தில் விடுதலையின் இலக்கணத்தை ஒருவர் எழுதுகிறார் என்றால் அது கற்பனையின் உச்சம்தான். எனினும் எழுதியவர் அதனை நூலாகவே விட்டிருந்தால் அது இன்று நூலகத்தில் ஒரு நூலாகவே இருந்திருக்கும். நூலை எழுதிய அடுத்த ஆண்டே ஜோஹன்னஸ்பர்க் அருகே, நண்பர் காலன்பாக் அளித்த 1100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணையைத் தொடங்கி, எழுதியதைச் செருப்புத் தைப்பதிலும் தச்சு வேலையிலும் சமையலிலும் சோதித்துப் பார்த்தார். அங்கே அவரோடு வாழ்ந்த சத்தியாக்கிரகக் குடும்பங்களில் தமிழர் பலர் இருந்தனர் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

1915-இல் இந்தியா திரும்பி அகமதாபாதில் ஆசிரமம் அமைத்தபோதும் அதே முறைதான். விதிகளை வரைவாக எழுதி நண்பர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். கல்கத்தாவிலிருந்து சர் குருதாஸ் பானர்ஜி, இளைஞரிடம் பணிவு குறைந்து வருவதால் பணிவையும் ஒரு விரதமாகச் சேர்க்க வேண்டும் என்று யோசனை சொன்னார். பணிவை விரதமாக எழுதிவைத்துப் பயிலத் தொடங்கினால் அது பணிவாகவே இராது என்று அஞ்சி காந்தியடிகள் அதனைத் தனி விரதமாகச் சேர்க்கவில்லை. இந்தச் சிறு நிகழ்ச்சியை நான் மிகவும் மதிக்கிறேன். எழுத்தின் வல்லமையை முழுதும் நம்பிய ஒருவர், எழுதினால் கெட்டுவிடும் பொருளும் உண்டு என்று அறிந்திருந்தார். குறிப்பேடு நம்மை நாமே மெச்சிக்கொள்ளும் கண்ணாடியாகிவிடக்கூடும் என்ற எச்சரிக்கை அவருக்கு இருந்தது.

மதுரையில் 1921 செப்டம்பர் 22-ஆம் நாள் நிகழ்ந்ததை நம்மவர் அனைவரும் அறிவர். அதன் உள்ளமைப்பைச் சிலரே கவனிப்பர். உடையைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் வங்காளத்தில் குல்னாப் பஞ்சத்தின்போது முதலில் எழுந்தது. வால்டேரில் மௌலானா முகமது அலி தம் கண்முன்னே கைது செய்யப்பட்டபோது மீண்டும் எழுந்தது. இருமுறையும் அவர் அதனைச் செயலாக்கவில்லை. மூன்றாம் முறை, மதுரையில், கதர் வாங்க வசதியில்லையே என்று ஏழைகள் சார்பில் எழுந்த கேள்விக்கு விடையாக அதனை மேற்கொண்டார். அப்போது அவர் வெளியிட்ட எழுத்துமூலமான அறிக்கையில் அக்டோபர் 31 வரையிலாவது குல்லாயையும் சட்டையையும் விடுத்து இடுப்பில் ஒரு துண்டோடு இருப்பேன் என்றே எல்லை வகுத்திருந்தார். ஆயுள் முழுமைக்குமான பிரதிக்ஞையாக அவர் அதனைத் தொடங்கவில்லை. ஏறத்தாழ ஐந்து வாரத்துக்கு என்று எழுதப்பட்ட அச்சிறு சங்கல்பம் இருபத்தாறு ஆண்டுகளுக்கு மேல் அவர் உடம்பில் நின்று, உலகம் இந்தியாவைக் காணும் உருவத்தையே மாற்றிவிட்டது. அந்நாளில் மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்த இப்பள்ளத்தாக்கிலிருந்து, பின்னர் விடுதலைப் போரில் சிறை புகுந்த தியாகிகள் பலர் தோன்றினார்கள். காமயகவுண்டன்பட்டி அவர்களால் பெயர் பெற்ற ஊர்.

இனி, அணை கட்டிய தொழிலாளரைப் பற்றி முன்னர் எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். பீகாரில் சம்பாரண் மாவட்டத்து விவசாயிகள், தம் நிலத்தில் இருபதில் மூன்று பங்கில் அவுரியையே பயிரிட வேண்டும் என்ற தீன்கட்டியா முறையால் நசுங்கிக் கிடந்தார்கள். 1917 ஏப்ரலில் அங்கே சென்ற காந்தியடிகள் மேடையேறிப் பேசவில்லை. மாவட்டத்தை விட்டு வெளியேறும்படி வந்த உத்தரவை மீறி, வழக்கு வாபஸ் பெறப்பட்டபின், ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். ராஜேந்திர பிரசாத், பிரஜகிஷோர் பிரசாத் முதலிய வழக்கறிஞர்கள் குமாஸ்தாக்களைப்போல் அமர்ந்து ஆயிரக்கணக்கான விவசாயிகளின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தார்கள். ஒவ்வொருவரையும் குறுக்கு விசாரணை செய்து, அதில் தேறாதவற்றைத் தள்ளினார்கள். வேலை இதனால் தாமதப்பட்டாலும் எஞ்சியவை மறுக்க முடியாதவையாக நின்றன. ரகசியப் போலீஸ் அதிகாரி அருகில் இருக்கவே எழுதினார்கள். அவருக்கு மரியாதையும் காட்டினார்கள். அதிகாரியின் கண்ணெதிரே தன் துயரத்தைச் சொல்லி அது எழுதப்படுவதைப் பார்த்த விவசாயியிடம் பயம் கழன்று போயிற்று. விசாரணைக் குழு அமைந்து, காந்தியடிகள் அதில் ஓர் உறுப்பினராகி, 1918-இல் வந்த சட்டத்தால் தீன்கட்டியா ஒழிந்தது.

கற்பனையும் குறிப்பும் கூடும் இடத்துக்கு இதனினும் சிறந்த திருஷ்டாந்தம் எனக்குத் தெரியவில்லை. பயமற்ற ஒரு விவசாயி என்பது 1917-இல் வெறும் கற்பனை. அக்கற்பனையை உபதேசத்தால் விதைக்க முடிந்ததில்லை. தன் வாழ்வு எழுதத்தக்கது, எழுதினால் எடைபோடத்தக்கது என்று அவன் பிரத்தியட்சமாகக் கண்டபோது அது முளைத்தது. எழுத்தறியாதவனும் தன் யதார்த்தத்தை அமைப்பதில் பங்குகொள்ள முடியும். எழுதுகிறவன் தன் கையை அவனுக்குக் கடன் கொடுக்க வேண்டும்.

நாட்குறிப்பு என்றதும் தமிழருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் இருந்து, இடையில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷியாகவும் பணிபுரிந்து, கப்பல் வரவையும் போரையும் விலைவாசியையும் குடும்பச் சடங்கையும் அவர் எழுதியிராவிட்டால் அக்காலத்துத் தென்னாட்டின் பாதி வாழ்க்கை நமக்கு இருளாகவே இருந்திருக்கும். காந்தியடிகளின் செயலாளர் மகாதேவ தேசாயும் 1917 முதல் 1942-இல் ஆகாகான் மாளிகைச் சிறையில் உயிர் நீத்தது வரை அவ்வாறே கால் நூற்றாண்டு எழுதினார். இவை சாட்சியின் ஏடுகள். உலகம் எவ்வாறு இருந்தது என்று காட்டுவன. நான் இக்கட்டுரையில் பேசிவரும் சாதகனின் ஏடு, உலகமோ தானோ எவ்வாறு ஆகவேண்டும் என்று எழுதி, ஆயிற்றா என்று ஒவ்வொரு நாளும் கேட்பது. 1930-இல் தண்டிக்கு நடந்த தொண்டர்கள் அன்றாடம் நூற்கவும் பிரார்த்திக்கவும் மட்டுமன்றி நாட்குறிப்பு எழுதவும் வேண்டும் என்று காந்தியடிகள் விதித்தது இந்தப் பொருளில்தான். நடையை எல்லோரும் சேர்ந்து நடந்தார்கள். ஒவ்வொருவனும் தன்னை எங்கே கொண்டு செல்கிறான் என்பதைத் தனித்தனியே எழுத வேண்டியிருந்தது.

எழுதிய லட்சியம் என்றேனும் முழுதும் கைகூடுமா என்று ஒருவர் கேட்கலாம். 1946 ஜூலையில் 'ஹரிஜன்' இதழில் சுதந்திர இந்தியாவின் கிராமத்தைப் பற்றி எழுதியபோது காந்தியடிகள் இக்கேள்வியை எதிர்நோக்கினார். கிராமத்தை மையமாகக் கொண்டு விரியும் வட்டங்களாக ஒரு சமுதாயத்தை வரைந்து காட்டிவிட்டு, இது வெறும் கற்பனை என்று சிலர் நகைக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்டு, யூக்ளிடின் புள்ளியை மனிதனால் வரைய முடியாவிட்டாலும் அதன் மதிப்பு அழிவதில்லை, அவ்வாறே இந்தச் சித்திரமும் மனிதகுலம் வாழ்வதற்குத் தன் பயனை உடையது என்று விடையளித்தார். ஜியோமிதி நூலில் உள்ள புள்ளிக்கு அகலமில்லை, ஆனால் அதனை வைத்தே பெரியாற்றுச் சுரங்கத்தின் இருமுனைகளையும் அளந்தார்கள். எட்ட முடியாத ஒன்றை எழுதி வைத்து அதனை அளவுகோலாகக் கொள்வதே கற்பனையின் மிக உயர்ந்த பயன் என்று இதனால் எனக்குத் தோன்றுகிறது. நூற்றுக்கு நூறு கைகூடும் கற்பனை பெரும்பாலும் சிறிய கற்பனையாகவே இருக்கும்.

காமயகவுண்டன்பட்டி மக்கள் காந்தியடிகளுக்குக் கோயில் எழுப்பிய அன்பு பெரிது. அந்த அன்போடு அவர் முறையையும் இவ்வூர் கைக்கொள்ள வேண்டும் என்பது என் விண்ணப்பம். சிறை சென்ற தியாகிகளின் குடும்பங்களில் கடிதமோ, சிறையில் எழுதிய தாளோ, கதர் விற்ற கணக்கோ எஞ்சியிருக்குமாயின் அவற்றைக் கரையான் தின்னுமுன் படியெடுத்து ஊர் நூலகத்தில் வைக்கலாம். அவர்களை நேரில் அறிந்த முதியவர்கள் நினைவிலிருந்து சொல்வதை, சம்பாரணில் செய்ததுபோல் குறுக்குக் கேள்வி கேட்டு, ஐயமானதைத் தள்ளி, சொன்னவர் பெயரோடும் சொன்ன தேதியோடும் எழுதிக்கொள்ளலாம். அணை வேலைக்கும் கால்வாய் வேலைக்கும் தம் முன்னோர் போனதாகச் சொல்லும் குடும்பங்கள் இப்பள்ளத்தாக்கில் இருந்தால் அவர்களிடமும் அதே கேள்விகளோடு போகலாம். இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. உயர்நிலைப் பள்ளி மாணவர் சிலரும், அவர்களை வழிநடத்த ஓர் ஆசிரியரும், கோடு போட்ட நோட்டுப் புத்தகங்களும் போதும்.